மூடலாம், புதைக்க வேண்டாம்

சாமி சிலையின் விரல் நகம் வரை உளி வைத்துச் செதுக்கும் ஊர் அரும்பாவூர். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூரின் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரிலும், புதிதாக ஏ.சி. மாட்டிய வீட்டின் பக்கச் சுவரை நிமிர்ந்து பார்த்தால் கண்ணை உறுத்தும் ஒன்று தொங்கும். வெள்ளை டேப் சுற்றிய காப்பர் பைப், கூடவே ஒரு ஒயர், ஒரு தண்ணீர்க் குழாய். இரண்டு கோடை தாண்டியதும் டேப் நைந்து நாராகும். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வெயிலில் வெந்து, விரல் பட்டாலே பொடியாக உதிரும். அணிலும் காக்காயும் தங்கள் பங்குக்குக் கொத்திவிட்டுப் போகும். உரிந்த இடத்தில் செம்பு கறுத்துத் தெரியும், ஏ.சி. ஓடும்போது அதில் வியர்வை பூத்து, சுவரில் கோடு கோடாக நீர் வடியும். வீட்டுக்காரர் உடனே கொத்தனாரைக் கூப்பிடுகிறார். "காடி எடுத்து உள்ளே விட்டுப் பூசிடலாம்" என்கிறார் கொத்தனார். அந்த யோசனைதான் தவறு. குழாயை மறைக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் திறக்கக்கூடிய மூடிக்குள் மறைக்க வேண்டும். சுவருக்குள் புதைக்கக் கூடாது.

மறைப்பது வெறும் அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. "பைப்புதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்பது அவர்கள் வாதம். அந்தக் குழாய்களில் என்ன ஓடுகிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வராது. ஸ்ப்ளிட் ஏ.சி.க்கு இரண்டு செப்புக் குழாய்கள். மெல்லியது வழியாகக் குளிரூட்டும் பொருள் அறைக்குள் போகிறது. தடித்தது வழியாக ஆவியாகித் திரும்பி வருகிறது. பெரும்பாலான வீட்டு ஏ.சி.களில் அழுத்தத்தைக் குறைத்துக் குளிர்விக்கும் பாகம் வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதனால் சுவரில் ஏறும் குழாய் இரண்டுமே குளிர்ந்த குழாய்கள். இரண்டுக்கும் தனித்தனியே இன்சுலேஷன் உறை வேண்டும். இரண்டையும் ஒரே உறைக்குள் திணிப்பதும், மெல்லியதைச் சும்மா விடுவதும் பணத்தை மிச்சப்படுத்துவது போலத் தெரியும், அவ்வளவுதான். உறை போன குழாய் சித்திரை வெயிலை உறிஞ்சுகிறது. அறைக்குள் எடுத்த சூட்டோடு சுவரின் சூட்டையும் சேர்த்து கம்ப்ரஸர் வெளியே தள்ள வேண்டியிருக்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது. ரப்பர் உறைக்கு எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர். வெயில் படாமல் மூடிவிட்டால் உறை பல வருடம் தாங்கும். ஆகவே மூடி என்பது குழாய்க்குப் போடும் சட்டை.

அப்படியானால் சுவரைவிட நல்ல மூடி ஏது என்று கேட்கலாம். பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கும்போது பூச்சுக்கா பஞ்சம்? முதல் சிக்கல் சுவரின் கனத்திலேயே இருக்கிறது. செங்கல் சுவர்களுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 1905, நெடுக்காகக் காடி எடுத்தால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது என்கிறது. கிடைமட்டமாக என்றால் ஆறில் ஒரு பங்குதான். முடிந்தவரை கிடைமட்டக் காடியையே தவிர்க்கச் சொல்கிறது. ஒன்பது அங்குலச் சுவர் 230 மில்லிமீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு 38 மில்லிமீட்டர். ஒன்றரை டன் ஏ.சி.யின் தடித்த குழாய் பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். சுற்றிலும் 13 மில்லிமீட்டர் உறை போட்டால் மொத்தம் 38.7. இந்த ஒரு குழாயிலேயே கணக்கு முடிந்துவிட்டது. இன்னொரு குழாய், ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாம் பக்கவாட்டில் இடம் கேட்கின்றன. இடம் போதாதபோது நடப்பது ஊரறிந்தது: உறையை நசுக்குவார்கள், அல்லது கழற்றியே விடுவார்கள். உறை இல்லாத குளிர்ந்த குழாய் பூச்சுக்குள் வியர்க்கும். மறு கோடையில் சுவரில் ஓதம் படர்ந்து பெயிண்ட் உப்பும். நாலரை அங்குலச் சுவரென்றால் காடி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் கசிவு. "கேஸ் இறங்கிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னால், எங்கோ ஒரு துளை இருக்கிறது என்று பொருள். மூடிய சுற்றில் ஓடும் வாயு தானாகத் தீர்ந்துபோகாது. வெளியே தெரியும் குழாயில் சோப்பு நுரை தடவிப் பத்து நிமிடத்தில் ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். சுவருக்குள் இருந்தால் சுவரை உடைக்க வேண்டும், இல்லையேல் வருடா வருடம் கேஸ் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பலரும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். இப்போது பரவலாக வரும் ஆர்-32 வாயு பழைய ஆர்-22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது. லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. அதன் இணைப்புகளைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. கிராமத்து வீட்டுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கையும் சொல்லலாம். குழாயை இணைக்கும் நட்டு பித்தளை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல் விளக்கப்பட்டது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சுவரில் ஏ.சி. இணைப்பை வைக்க நினைப்பவர்கள் அந்தத் தோட்டாக்களை நினைத்துக்கொள்ளலாம்.

நகரத்து அடுக்குமாடிகளில் எல்லாம் புதைத்துத்தானே கொடுக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஒழுங்காகச் செய்யும் இடங்களில், பூச்சுக்கு முன்பே நடுவில் ஒட்டே இல்லாத ஒரே நீளக் குழாயைப் போட்டு, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மூடுகிறார்கள். கட்டி முடித்த வீட்டில் கட்டிங் மெஷினோடு வருபவர் இதைச் செய்வதில்லை. செய்தாலும் ஒரு குறை தீராது: சுவர் ஐம்பது வருடம் நிற்கும், ஏ.சி. பத்துப் பதினைந்து வருடம்தான் ஓடும். ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி, புதுக் கருவிகளில் ஆர்-22 வகை வாயுக்களைப் பயன்படுத்துவதை 2025 ஜனவரி 1-ஓடு இந்தியா நிறுத்திவிட்டது. பழைய ஆர்-22 இயந்திரங்களில் ஓடியது கனிம எண்ணெய். ஆர்-32-க்கு வேறு வகை எண்ணெய். பழைய குழாயில் எண்ணெய் மிச்சம் இருந்தால் புது இயந்திரத்துக்கு ஆகாது. குழாயின் அளவும் மாறலாம். சுவருக்குள் இருப்பதை எப்படி மாற்றுவது?

ஏ.சி. நம்மைவிட முன்பே பரவிய ஊர்கள் இதற்கு வழி கண்டுவிட்டன. ஜப்பானில் வீட்டுச் சுவரின் நிறத்திலேயே பிளாஸ்டிக் மூடிகள் கிடைக்கின்றன. அடிப்பகுதியைச் சுவரில் திருகி, குழாயை வைத்து, மேல்பகுதியை அழுத்தி மாட்டுகிறார்கள். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் இத்தகைய கேசிங் இல்லாமல் ஏ.சி. மாட்டுவதே அபூர்வம். இங்கேயும் நகரக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது வெயில் தாங்கும் ரகமா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் ஒரே வருடத்தில் மஞ்சளாகி நொறுங்கும். செலவு கட்டுப்படியாகாது என்பவர்கள் நாலங்குல பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து, கிளாம்ப் போட்டுச் சுவரின் பெயிண்டையே அடிக்கலாம். மரத்துக்குப் பெயர்போன ஊரில் மரத்திலேயே செய்தால் என்ன? சன்ஷேடுக்குக் கீழே, மழை அடிக்காத இடத்தில் தாராளமாகச் செய்யலாம்; தரையிலிருந்து அரையடி உயர்த்தி, கரையான் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூடிக்குள் அணில் கூடு கட்டும், குளவி புகும் என்பதும் உண்மைதான். மேல் வாயை அடைத்து, கீழ் வாய்க்குக் கம்பிவலை வைத்தால் விருந்தாளி வராது, உள்ளே இறங்கிய மழைநீரும் நிற்காது. வளைவுகளில்தான் கவனம் வேண்டும். மூடியின் மூலைக்காகக் குழாயை ஒரேயடியாக மடக்கினால் செம்பு நசுங்கி வழி அடைபடும். தண்ணீர்க் குழாய் முழு நீளத்துக்கும் கீழ்நோக்கியே சரிய வேண்டும். நடுவில் ஓரிடம் தொய்ந்தாலும் பாசி கட்டி, தண்ணீர் படுக்கையறைக்கே திரும்பி வரும்.

ஏற்கெனவே புதைத்துப் பூசியவர்கள் பதற வேண்டாம். குளிர்ச்சி குறையாமல் ஓடும்வரை ஓடட்டும். அடுத்த ஏ.சி. வாங்கும் நாளில் பழைய குழாயைத் தோண்ட ஆள் தேடாமல், அதன் இரு முனையையும் அடைத்துச் சுவருக்குள்ளேயே விட்டுவிடுங்கள். புதுக் குழாயை வெளியே ஏற்றி, நான்கு திருகில் கழலும் மூடி போடச் சொல்லுங்கள். மெக்கானிக் இறங்கிப் போவதற்கு முன் அந்த மூடியை ஒரு தடவை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்ல மறக்காதீர்கள்.