எலியின் பதற்றத்தை எவ்வாறு அளக்கிறார்கள்?

மாதக்கணக்கில் வலியோடு வாழ்பவர்கள் பலருக்குப் பதற்றமும் உறக்கமின்மையும் சேர்ந்தே வருகின்றன. வலியே பதற்றத்தை உண்டாக்குகிறதா, அல்லது வலியால் நேரும் வேலையிழப்பும் கடனும் குடும்பக் கவலையும் உண்டாக்குகின்றனவா? மனிதரிடத்தில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். எலிக்குக் கடன் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் எலிகளை நாடுகின்றனர்.

மயக்க மருந்து கொடுத்து, எலியின் பின்னங்காலுக்குச் செல்லும் சயாட்டிக் நரம்பைத் தளர்வாகக் கட்டினால், அந்தக் காலில் நீடித்த வலியுணர்வு தோன்றுகிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட இம்முறை இன்றும் பயன்படுகிறது. இனி அதன் பதற்றத்தை அறிய வேண்டும்.

இதற்கெனக் கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை உண்டு. தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரம். நான்கு கிளைகளில் இரண்டிற்குப் பக்கச் சுவர்கள் உண்டு, இரண்டிற்கு இல்லை. எலியை நடுவில் விட்டு 5 நிமிடங்கள் கவனிக்கின்றனர். புதிய இடத்தை முகர்ந்து பார்க்கும் ஆவலும் திறந்த வெளியைப் பற்றிய அச்சமும் எலிக்கு ஒருங்கே உண்டு. அச்சம் மிகுந்தால் சுவருள்ள கிளைகளிலேயே தங்கிவிடும். பதற்றம் தணிக்கும் டயசிபாம் கொடுத்த எலிகள் திறந்த கிளைகளில் கூடுதல் நேரம் செலவிட்டதை 1985இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆனால் கால் வலிக்கும் எலி நடக்கவே தயங்குமே! அதைப் பதற்றம் என்று கணக்கிட்டால் முடிவே பிழையாகிவிடும். எனவே மொத்தம் எவ்வளவு தொலைவு நடந்தது, மூடிய கிளைகளுக்குள் எத்தனை முறை சென்றது என்பதையும் சேர்த்து எண்ணுகின்றனர். பிற எலிகளுக்கு இணையாக நடந்தும் திறந்த கிளைகளை மட்டும் தவிர்த்தால்தான் ஐயம் வலுப்படும். அப்போதும் ‘பதற்றம்’ என்று எழுதாமல் ‘பதற்றம் போன்ற நடத்தை’ என்றே எழுதுவர்; எலி தன் மனத்தைச் சொல்வதில்லை.

பல ஆய்வுகளில் வலி சில நாட்களிலும், இந்நடத்தை சில வாரங்கள் கழித்துமே தோன்றியுள்ளது. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போவதில்லை. ஆயினும், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வலியுற்றோரிடம் சொல்வோர் இதைக் கருத வேண்டும்.

மருத்துவமனையிலும் இதே சிக்கல் உண்டு. சோர்வும் உறக்கக்குறைவும் நோயாலும் வரலாம், பதற்றத்தாலும் வரலாம். அதனால்தான் 1983இல் உருவான, 14 வினாக்கள் கொண்ட ஒரு பதற்ற, மனச்சோர்வு வினாத்தாள் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, கடந்த ஒரு வாரத்து மனநிலையைக் கேட்கிறது. இத்தகைய தாளை உங்களிடம் கொடுத்தால் நீண்ட நேரம் யோசிக்காமல் முதலில் தோன்றுவதைக் குறியுங்கள். உடனிருப்போர் விடையைச் சொல்லித்தர வேண்டாம். எழுத இயலாதவருக்கு வினாவைப் படித்துக் காட்டினால் போதும்.