திருகோணமலையில் எரிந்த சரக்குக் கப்பல்

வானம் தெளிந்த காலையில் லிப்டன் சீட்டில் நின்று தெற்கே பார்த்தால், தொலைவில் கடல் ஒரு கோடாகத் தெரியும். மலையில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம் முன்னோரின் சோற்றுப் பானைக்கு என்ன நடந்தது என்பதை அறிய வேண்டும்.

அக்காலத்தில் இலங்கை மக்கள் உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. பர்மாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற கப்பல்களில் ஒன்று 'சகாயிங்'. பர்மிய நகரமொன்றின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டிருந்தது. போர் மூண்டதும் இத்தகைய வணிகக் கப்பல்கள் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நேற்று வரை வணிகச் சரக்கு இருந்த அறைகளில் வெடிமருந்து ஏறியது.

இராணுவச் சரக்கை ஏற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. இறங்கும் இடத்தில் முதலில் தேவைப்படுவதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் அது மேலே இருக்கும். கடலில் கப்பல்கள் கூட்டமாக, போர்க்கப்பல்களின் காவலோடு செல்லும். கூட்டத்தில் மிக மெதுவான கப்பல் எதுவோ, அதன் வேகம்தான் எல்லாவற்றுக்கும். துறைமுகத்தை அடைந்துவிட்டால் தப்பிவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. சரக்கை இறக்கி முடிக்கும் வரை கப்பல் அசையாமல் நிற்க வேண்டும்.

சகாயிங் அப்படித்தான் அகப்பட்டது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. விமானங்களும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த சகாயிங் தீப்பற்றியது. மாலுமிகள் அதைக் கைவிட்டனர். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹேர்மிஸ்' போர்க்கப்பலைப் பலரும் அறிவர். சரக்குக் கப்பலை யார் நினைக்கிறார்கள்?

அதற்கு ஒரு மாதம் முன்னரே, மார்ச் 8இல், ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்திருந்தது. அரிசிக் கப்பல்கள் நின்றன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அதன் இடத்தைப் பெருமளவுக்குக் கோதுமை மா பிடித்தது. தோட்டத்து லயங்களில் இன்றும் சுடப்படும் ரொட்டிக்குப் பின்னால் அந்தக் கப்பல்களின் கதையும் இருக்கிறது. தேயிலையோ நிற்கவில்லை. பிரித்தானிய அரசே மொத்தமாக வாங்கியதால், ரயிலில் கொழும்புக்கு இறங்கி, ஆபத்தான கடலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மலாயாவும் ஜப்பானியர் கைக்குப் போன பின், நம் இறப்பருக்கும் கிராக்கி கூடியது. கொழுந்து பறித்தவர்களின் தட்டில் சோறு குறைந்த காலத்திலும் தேயிலைப் பெட்டிகளுக்குக் கப்பலில் இடம் இருந்தது.

எரிந்த சகாயிங்கை 1943இல் கடற்படையினர் இறங்குதுறையாகப் பயன்படுத்துவதற்காக ஆழம் குறைந்த இடத்தில் மூழ்கடித்தார்கள். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள், பல மாத உழைப்பின் பின், அதை மீண்டும் நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.