நெறிக்கட்டும் ரத்த அறிக்கையும்

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அறிக்கையில் ஈ.எஸ்.ஆர். 60 என்று தடித்த எழுத்தில் இருந்துவிட்டால் போதும், வீட்டில் ஒருவர் டி.பி. என்பார், இன்னொருவர் புற்றுநோயோ என்று கலங்குவார். அந்த எண்ணுக்கு அவ்வளவு சொல்லத் தெரியாது. 200 மில்லிமீட்டர் வரை கோடிட்ட மெல்லிய குழாயில், உறையாதபடி மருந்து கலந்த ரத்தத்தை நிரப்பி நிமிர்த்தி வைப்பார்கள். சிவப்பணுக்கள் மெல்ல இறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் ஈ.எஸ்.ஆர். உடலில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடி, சிவப்பணுக்களைக் காசு அடுக்கியதுபோல ஒட்டவைக்கும். ஒட்டியவை வேகமாக இறங்கும். காசநோயிலும் இது நடக்கும், பல்லடிச் சீழிலும் நடக்கும், லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோயிலும் நடக்கும். ரத்தசோகையும் கர்ப்பமும் முதுமையும்கூட எண்ணை ஏற்றிவிடும்.

அப்படியானால் இந்தச் சோதனை வீண் செலவா என்று கேட்கலாம். இல்லை. ஒற்றை எண்ணைப் பார்ப்பதை விட்டு, எண்களைச் சேர்த்துப் படித்தால் அது வழி காட்டுகிறது. நெறி சிவந்து வலிக்கிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதமும் ஏறியிருக்கின்றன என்றால் பாக்டீரியத் தொற்றின் பக்கம் சந்தேகம் சாயும். இளவயதினருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் இருந்து, வெள்ளணுக்களில் லிம்போசைட்டுகள் பாதிக்கு மேல் போய், கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கும்போது பக்கத்துச் சிவப்பணுவை அணைப்பதுபோல விளிம்பு வளைந்த பெரிய அணுக்கள் தெரிந்தால், எப்ஸ்டீன்-பார் வைரஸை நினைக்க வேண்டும். அங்கே கத்திக்கு அவசரமில்லை. அதே கண்ணாடித் துண்டில் முதிராத வெள்ளணுக்கள் தென்பட்டால் ரத்தப் புற்றுநோயோ என்று பார்க்க ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

என் கவலை உயர்ந்த எண்களைப் பற்றியதல்ல, 'எல்லாம் நார்மல்' என்ற அறிக்கையைப் பற்றியது. ரத்த எண்ணிக்கை சொல்வது குழாய்களில் ஓடும் அணுக்களைப் பற்றி. நோய் நெறிக்குள்ளேயே, அதாவது வீங்கிய நிணநீர்க் கணுவுக்குள்ளேயே, உட்கார்ந்திருக்கலாம். நிணநீர்க் கணுக் காசநோயிலும், லிம்ஃபோமாவின் தொடக்கத்திலும், வாய்ப் புற்றுநோய் கழுத்துக்குப் பரவியபோதும் அறிக்கை பழுதில்லாமல் இருக்கக்கூடும். வேறு ரத்தச் சோதனை இல்லையா என்றால், காசநோய்க்கு எதிர்ப்புப் புரதம் தேடும் சோதனைகள் தவறாக வழிநடத்துகின்றன என்று 2011-இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2012-இல் இந்தியா அவற்றைத் தடை செய்தது.

ஆகவே சில வாரங்களாகியும் கரையாத நெறி, கல்போல் இறுகியது, காறையெலும்புக்கு மேலே தோன்றியது எதுவானாலும், அறிக்கை எப்படி இருந்தாலும் மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்துப் பார்க்க வேண்டும். அது போதாவிட்டால் கணுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே பலமாக இருக்கிறது. இந்த மெல்லிய ஊசியால் அப்படி நேர்வது மிக அரிது. அதைவிட, சோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தை வற்றச்செய்வதுதான் ஆபத்து; லிம்ஃபோமாவின் அடையாளத்தையே அது மறைத்துவிடும். கணுவை எடுக்கும் நாளிலும் ரத்த அறிக்கைக்கு வேலை உண்டு: சந்தேகம் எந்தப் பக்கம் என்று பார்த்து, எடுத்த கணுவை எந்தெந்தச் சோதனைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க அது உதவும். டி.பி. சந்தேகம் இருந்தால் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது, அதில் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க வழியிருக்காது. ஒரு துண்டு ஃபார்மலினில் திசு ஆய்வுக்கு, இன்னொரு துண்டு உப்புநீரில், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும்.