கயிறு வரும் முன்பே மருத்துவர் வரவேண்டும்

மார்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். செவிலியர் விரைந்து வருவார், இ.சி.ஜி. எடுக்கப்படும், மருத்துவர் நாடி பார்ப்பார். அதே வாயிலுக்கு, தொடர்பின்றிப் பேசிக்கொண்டும் பிடிக்க வருவோரைத் தள்ளிவிட்டுக்கொண்டும் மற்றொருவர் அழைத்து வரப்பட்டால்? பல இடங்களில் முதலில் வருபவர் காவலாளி. அடுத்து வருவது கயிறு. இது மனநோய், வேறு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்ற சொல்லும் சில வேளைகளில் வந்துவிடுகிறது.

இருவருமே உயிராபத்தில் இருக்கக்கூடும். ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தொல்லையாகவும் கருதப்படுவதற்குக் காரணம் மருத்துவர்களின் கல்நெஞ்சம் அன்று, பயிற்சிக் குறைவே. இரவு இரண்டு மணிக்கு மனநல நிபுணர் அங்கே இருக்கமாட்டார். பணியிலிருக்கும் இளம் மருத்துவரும் செவிலியருமே இருப்பர். ஆகவே பயிற்சி அவர்களுக்கே முதலில் தேவை.

முதலில் உடலைப் பாருங்கள்

அப்பயிற்சியின் முதற்பாடம், பிதற்றுபவர் எல்லாரும் மனநோயாளர் அல்லர் என்பதாகும். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், சோடியம் உப்பு குறைந்தாலும், மூளையில் நோய்த்தொற்று ஏற்பட்டாலும், தலையில் அடிபட்டாலும் மனிதர் தம் நிலை மறந்து நடப்பார். நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் இல்லாதவற்றைக் காணும் மயக்கநிலையும் தோன்றலாம். கவனிக்காவிடில் உயிரே போகலாம்.

நம் இல்லங்களில் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பாருங்கள். நோன்பு நோற்ற நீரிழிவு நோயாளி ஒருவர் அஸருக்குப் பின் திடீரென வியர்த்துக் கொட்டி, ஆட்களை அடையாளம் தெரியாமல் சினந்து பேசுகிறார். ஜின் தீண்டிவிட்டது என்று ஓதிப் பார்க்க அழைத்துச் சென்றால் பொன்னான நேரம் போய்விடும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் சில விநாடிகளில் உண்மை விளங்கும். காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்காமல் யாரையும் மனநோயாளர் என்று முடிவு செய்யலாகாது. முன்பு மனநோயே இல்லாத முதியவர் திடீரெனக் குழம்பினால் உடலில் காரணம் தேடியே ஆகவேண்டும்.

சொல்லே முதல் மருந்து

இரண்டாம் பாடம் பேசும் முறை. அமெரிக்க அவசர மனநல மருத்துவர் சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதனை விரிவாகக் கூறுகிறது. நோயாளியிடமிருந்து இரண்டு கை நீளம் விலகி நிற்கவேண்டும். அவர் வெளியேறும் வழியை அடைத்து நிற்கக்கூடாது. நால்வர் சேர்ந்து அதட்டாமல் ஒருவர் மட்டும் பேசவேண்டும். சிறு சிறு வாக்கியங்களாகப் பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும். தண்ணீரோ, போர்வையோ, மாத்திரையா ஊசியா என்பதோ, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்குத் தரவேண்டும். இவற்றை நூலில் படித்தால் போதாது. ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் மருத்துவராகப் பழகிப் பழகியே கற்கவேண்டும்.

பேச்சு பயன்படாதபோது ஊசி தேவைப்படும். அதற்கும் வழி காட்டியது நம் வேலூரே. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கொந்தளிப்புடன் வந்த 200 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2004இல் வெளியாயிற்று. ஹாலோபெரிடால், புரோமெத்தசின் இரண்டையும் சேர்த்துப் போட்ட ஊசியும், லோரசெபாம் ஊசியும் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாரையும் அமைதிப்படுத்தின. முன்னது விரைவாக வேலை செய்தது. பழைய, விலை குறைந்த மருந்துகளே சிறிய மருத்துவமனைக்கும் போதும் என்பது இதன் பொருள். ஆனால் ஊசி போட்டபின் மூச்சையும் நாடியையும் விடாது கவனிப்பதும் பயிற்சியின் பகுதியே.

தற்கொலைக்கு முயன்றவர்

தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவரின் உடலைத் தேற்றி அப்படியே வீட்டுக்கு அனுப்புவது பாதி மருத்துவம். சாகும் எண்ணம் இன்னும் உள்ளதா என்று பரிவோடு நேரே கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவசரப் பிரிவிலிருந்து செல்லுமுன் ஒரு மணி நேரம் விளக்கிப் பேசி, பின்னர் 18 மாதங்களில் 9 முறை நலம் விசாரித்தார்கள். அவ்வாறு விசாரிக்கப்பட்டோரில் 0.2 விழுக்காட்டினரே பின்னர் தற்கொலையால் இறந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் அது 2.2 விழுக்காடு. பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

சட்டம் சொல்வது

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகையொன்றில் தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை நம் சமுதாயம் மறக்கலாகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டுப்படுத்தலாம், அதுவும் இன்றியமையாத நேரம் மட்டுமே என்றது. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் மனநல அவசரத்தில் 72 மணி நேரம் வரை சிகிச்சை அளிக்கலாம் என்றும் கூறியது. ஆகவே, இது என் துறையன்று என்ற சொல்லுக்கு இடமில்லை. 2021ஆம் ஆண்டு விதிகள் பயிற்சி மருத்துவருக்கு மனநலப் பிரிவில் 2 வாரங்களைக் கட்டாயமாக்கின. நல்ல தொடக்கம், எனினும் அந்த நாட்களில் ஒரு பகுதியேனும் அவசரப் பிரிவில் கழியவேண்டும். செவிலியருக்கும் காவலாளிக்கும் அதே பயிற்சி வேண்டும்.

வாசகர்களே, உங்கள் பங்கும் உண்டு. மாற்றம் எப்போது தொடங்கியது, என்னென்ன மருந்து உண்கிறார், குடிப்பழக்கம் உண்டா என்பவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரையைப் பார்க்கும்படி கேளுங்கள். கட்டுவதற்கு முன் பேசிப் பார்க்கும்படி வேண்டுங்கள். ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலி மனாஸ் எண்ணை அழையுங்கள். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு ஜமாஅத் சார்பில் கட்டிலும் மின்விசிறியும் வழங்கும்போது, இங்குள்ளோர் இப்பயிற்சி பெற்றவர்களா என்றும் ஒருமுறை கேளுங்கள். நாளை அந்த வாயிலில் நிற்பது உங்கள் தாயாகவோ மகனாகவோ இருக்கலாம்.