குன்றத்தூர் ஓலையும் கம்ப்யூட்டர் பட்டாவும்

குன்றத்தூர் என்றதும் மலைமேல் நிற்கும் முருகன் நினைவுக்கு வருவான். அடுத்தபடி, அவ்வூரில் பிறந்து சோழ மன்னனுக்கு மந்திரியாயிருந்த சேக்கிழார் பெருமான். அவர் பாடிய பெரிய புராணத்தில் ருசிகரமான ஒரு வழக்கு வருகிறது. எதைப் பற்றி என்கிறீர்கள்? ஒரு தஸ்தாவேஜைப் பற்றித்தான்!

சுந்தரருக்குக் கல்யாணம். அந்த வேளை பார்த்து ஒரு கிழவர் வந்து, மாப்பிள்ளை தமக்கு அடிமை என்று பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். கிழவர் அசைந்தாரா? கிழிந்தது நகல்தான் என்று சொல்லி, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையை நீட்டுகிறார். சபையார் பாட்டனாரின் வேறொரு எழுத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்த கிழவர் சிவபெருமான் என்பது அப்புறம் தெரிகிற விஷயம்.

நகல் போனாலும் மூலம் பத்திரமாக இருக்க வேண்டும். வேண்டியபோது ஒப்பிட முடிய வேண்டும். இன்றைய சர்க்கார் கம்ப்யூட்டரைக் கொண்டு செய்ய முயல்வதும் இதைத்தான்.

மூட்டைக் கணக்கு போயிற்று

ஒரு காலத்தில் ஊர்க் கணக்கெல்லாம் கர்ணம் வீட்டு மூட்டையில் இருந்தது. 1980-ல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இப்போது நிலக் கணக்கு 'தமிழ் நிலம்' என்ற கம்ப்யூட்டர் பதிவில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் வரவால் சுற்று வட்டாரத்தில் வயல்கள் மனைகளாகி வரும் குன்றத்தூர்ப் பக்கத்தில் இது சாமானிய விஷயமா?

இதில் பெண்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது! தாலுகா கச்சேரி வாசலில் நிற்கக் கூச்சப்பட்டு, "அவரைக் கேளுங்கள்" என்று ஒதுங்கிய காலம் போய்விட்டது. அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில், ஜில்லா, தாலுகா, கிராமம், சர்வே நம்பர் ஆகியவற்றைக் கொடுத்துக் கைப்பேசியிலேயே பட்டாவைப் பார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கமும் பார்க்கலாம். கைப்பேசி பழக்கமில்லையென்றால் இ-சேவை மையம் இருக்கிறது.

இயந்திரம் அறியாதது

ஆனால் ஒன்று. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பார்கள். எழுதி வைத்ததைத்தான் அது சொல்லும். மாமனார் காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். பட்டா அவர் பேரிலேயே இருக்கும். கணவரும் போய்விட்டால் அந்த வீட்டு மருமகளின் கதி என்ன? பேரை மாற்ற யாராவது மனுப் போட வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் எந்தப் பெண்ணின் பேரும் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டார் பொறுப்பு. உயில் எழுதாமல் இறந்த ஹிந்துவின் சொத்தில் மனைவி, தாய், பெண்கள், பிள்ளைகள் எல்லோருமே முதல் வரிசை வாரிசுகள்தான். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளைப் போலச் சம உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய சர்க்கார் செய்த திருத்தத்தில் அந்த வித்தியாசம் இல்லை.

மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டா மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரங்கள்தான் தெரியும். கோர்ட்டு வழக்கும் வாய்ப்பேச்சும் அதில் தெரியாது. பட்டா, வில்லங்கம், மூலப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேரும் சர்வே நம்பரும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் செய்த வேலைதான் இது!

இன்னொரு நல்ல செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்ச ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு என்று தமிழக அரசு அறிவித்தது. "உன் பேரில் வாங்கலாமா?" என்று கணவர் கேட்டால் வெட்கப்படாதீர்கள். கேட்காவிட்டால், இந்தப் பக்கத்தை அவர் காப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்!