கடல் தாண்டும் சட்டங்கள் – 9: யாருடைய பதிலுக்காக?

நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியது என்று செய்தி வாசித்துவிட்டால் மறுநாளே சட்டம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஹெச்.ஐ.வி. – எய்ட்ஸ் சட்டத்தின் கதையைப் பாருங்கள். 2014 பிப்ரவரியில் மாநிலங்களவைக்கு வந்த மசோதா அது. நிலைக்குழு 2015 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 2017 ஏப்ரல் 20. அதற்கப்புறமும், மத்திய அரசு அறிவிக்கும் நாளில்தான் அமலுக்கு வரும் என்ற ஒரு பிரிவு அதைப் பதினாறு மாதத்துக்கு மேல் கிடப்பில் வைத்தது. தொற்று உள்ளவருக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது, வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்றுதான் உயிர்பெற்றது. நடுவில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கும் போனது.

தாமதம் நாடு முழுமைக்கும் பொதுதான். ஆனால், அந்தமானில் அதைத் தட்டிக் கேட்க ஆளே குறைவு. தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. ஜில்லா பரிஷத்தும் முனிசிபல் கவுன்சிலும் உண்டு. சட்டம் போட அவற்றுக்கு அதிகாரமில்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். மாநிலங்களவையில் அதுவும் இல்லை. சுகாதாரத் துறை நிலைக்குழுவோ மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குவது!

சட்டசபை இருந்தால் மட்டும் கிழித்துவிடுவார்களா என்று கேட்கலாம். நியாயம்தான். தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்த 1997-லேயே சட்டம் போட்ட தமிழ்நாடு, அதற்கான விதிகளை வெளியிட்டது 2018-ல்.

அந்தமானில் நடந்தது நேர்மாறு. 2010-ன் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு, முறைப்படுத்தல்) சட்டம் 2012 மார்ச் 1 அன்று நான்கு மாநிலங்களிலும், டெல்லி நீங்கலான யூனியன் பிரதேசங்களிலும் முதலில் அமலானது. அந்த வரிசையில் தீவுகளும் உண்டு. அதே ஆண்டு மே மாதம் விதிகளும் வந்தன. 9-வது விதி இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒவ்வொரு கிளினிக்கும் லேபும் கட்டணப் பட்டியலை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். (வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் புழங்கும், தீவுகளின் தலைநகரிலுள்ள அபர்தீன் பஜாரில் பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.) அடுத்தது, மாநில அரசுகளைக் கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள்தான் கட்டணம் வாங்க வேண்டும்.

பலகை மாட்டலாம். வரம்பு எங்கே? பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. மாநிலங்களுக்கு எழுதினோம், பதில் இல்லை என்பது மத்திய அரசின் சமாதானம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழி காணாவிட்டால் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டக் கட்டணத்தையே இடைக்காலமாக விதிக்கப் பரிசீலிப்போம் என்று எச்சரித்தது.

மற்ற இடங்களுக்கு அந்தச் சமாதானம் ஓரளவு பொருந்தலாம். தீவுகளுக்கு எப்படிப் பொருந்தும்? இங்கே மாநில அரசு என்று தனியாக ஒன்றுமில்லை. நிர்வாகம் நடப்பது உள்துறை அமைச்சகத்தின் கீழ். அரசியல் சாசனத்தின் 240-வது பிரிவு, இத்தீவுகளுக்கென்று தனி ஒழுங்குமுறைச் சட்டமே பிறப்பிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்திருக்கிறது. டெல்லி டெல்லிக்கே கடிதம் எழுதி, டெல்லியின் பதிலுக்குக் காத்திருந்த கதை இது. தலைநகரின் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனையில் முடியாததற்கு மெயின்லேண்டுக்கு, அதாவது சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ, கடல் கடந்து போகிற ஊரில் உள்ளூர் தனியார் கட்டணத்துக்கு வரம்பு இல்லாதது சின்ன விஷயமல்ல.

விதிகள் தாமதமானால் விசாரிக்கத் துணைநிலைச் சட்டக் குழு இருக்கிறது. சட்டம் அமலான ஆறு மாதத்துக்குள் விதி வர வேண்டும் என்பது அதன் நெடுநாள் வலியுறுத்தல். ஆனால் 9-வது விதி, காகிதத்தில் நேரத்துக்கு வந்துவிட்ட விதி! செயல்படாத விதியைப் பிடிக்கக் கேள்வி நேரமும் உறுதிமொழிக் குழுவும்தான் வழி.

தீவுகளின் ஒற்றை உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகள் வரை நோட்டீஸ் கொடுக்கலாம். எது இடம்பெறும் என்பது குலுக்கல். அவர் கேட்க வேண்டியது ஒரு வரிதான்: இந்தத் தீவுகளின் கட்டண வரம்பை அறிவிக்க யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள்? தகவல் சேகரிக்கப்படுகிறது என்று அமைச்சர் சொன்னால்கூட நாடாளுமன்ற மரபில் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்தில் அதை நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் குழுவிடம் போய் அவகாசம் கேட்க வேண்டும்.

(தொடரும்)