பிரான்செஸ் யேட்ஸ்: ஒரு தப்பான தேதி எழுதவைத்த வரலாறு

ஜியோர்டானோ புரூனோவைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு கதை தெரியும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னார், 1600 பிப்ரவரி 17 அன்று ரோம் நகரின் காம்போ தே ஃபியோரி திடலில் உயிரோடு எரித்தார்கள், அறிவியலுக்காகச் செத்த தியாகி. வாட்ஸப் ஃபார்வர்டு வரைக்கும் வந்துவிட்ட கதை. 1964இல் லண்டன் வார்பர்க் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்செஸ் யேட்ஸ் ஒரு தடித்த புத்தகம் போட்டு இதைத் தலைகீழாக்கினார். புரூனோ விஞ்ஞானியே இல்லை, மந்திரவாதி என்றார்.

'மந்திரவாதி' என்றதும் எலுமிச்சம்பழம், வேப்பிலை என்று போய்விட வேண்டாம். அன்றைய இத்தாலியில் அது படித்த ஆள் செய்கிற காரியம். 1460 வாக்கில் மாசிடோனியாவில் இருந்து ஒரு கிரேக்கக் கையெழுத்துப்படி ஃபிளாரன்ஸுக்கு வந்தது. ஹெர்மெஸ் ட்ரிஸ்மெஜிஸ்டஸ் என்ற எகிப்திய ஞானியின் பெயரில் இருந்த உரையாடல்கள். பிளேட்டோவை மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த மார்சிலியோ ஃபிசினோவிடம், 'அதை அப்புறம் பாரு, முதல்ல இதை முடி' என்று கோசிமோ தே மெடிசி சொல்லிவிட்டார். 1463இல் வேலை முடிந்தது, அடுத்த வருஷம் கோசிமோ இறந்துபோனார். பிளேட்டோவையே காத்திருக்கச் சொல்கிற அளவுக்கு இதில் என்ன இருந்தது? வயசுதான். ஹெர்மெஸ் கிட்டத்தட்ட மோசே காலத்து ஆள், பிளேட்டோவுக்கே மூலம் அங்கேதான் என்று நம்பினார்கள். எவ்வளவு பழசோ அவ்வளவு உண்மை என்பது அந்தக் காலத்துக் கணக்கு (நம்ம ஊரிலும் இந்தக் கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது).

அந்தத் தேதி தப்பு. 1614இல் ஐசக் கசோபன் என்ற கிரேக்க அறிஞர் மொழியை வைத்தே அதை உடைத்தார். பழைய கிரேக்கத்தில் இல்லாத, பிற்காலச் சொற்கள் அந்த உரையில் கிடக்கின்றன. கிரேக்கத்தில் மட்டுமே பலிக்கிற சொல்விளையாட்டுகள் வருகின்றன. அப்படியிருக்க இது எகிப்திய மொழியில் இருந்து வந்தது எப்படி? கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பதுதான் இன்றைய பொதுவான கணிப்பு. யேட்ஸின் நிஜமான கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பது இந்த இடத்தைத்தான். ஒரு தேதிப் பிழையை ஒன்றரை நூற்றாண்டு ஐரோப்பா நம்பியது. நம்பியதால் பல காரியங்கள் நடந்தன. ஆகவே அந்தப் பிழையும் வரலாற்றின் ஒரு பகுதி. அதுவரை அறிவியல் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களைக் குப்பை என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் சண்டையே வந்திருக்காது. அவர் இன்னொரு படி ஏறினார். உலகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் கைவைத்து மாற்றலாம் என்ற எண்ணத்தைக் கொடுத்தது மந்திர மரபுதான், அறிவியல் புரட்சிக்கு மனசைத் தயார் செய்ததும் அதுதான் என்றார். கோப்பர்னிக்கஸின் 1543ஆம் வருஷப் புத்தகத்தில், சூரியனைப் போற்றும் இடத்தில், ட்ரிஸ்மெஜிஸ்டஸ் பெயர் ஒரு தடவை வருகிறது. உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி இருப்பது முழுக்க வடிவியலும் கணக்கும். ஒரு பெரிய புரோகிராமில் கமென்ட்டாகக் கிடக்கிற ஒரு வரியைப் பார்த்து, மொத்த புரோகிராமும் அதனால்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியுமா? 1977இல் ராபர்ட் வெஸ்ட்மன் இந்தக் கருத்தைப் பொறுமையாகச் சோதித்தார். ஹெர்மெஸை மதித்தவர்கள் எல்லாம் கோப்பர்னிக்கஸ் பக்கம் வந்துவிடவில்லை என்று காட்டினார்.

1972இல் வந்த ரோசிக்ரூசியன் புத்தகத்தில் பிரச்சினை இன்னும் பளிச்சென்று தெரியும். ஜெர்மனியில் 1614, 1615 வருஷங்களில் ஒரு ரகசிய சகோதரத்துவத்தின் பெயரில் இரண்டு அறிக்கைகள் அச்சாயின. 1613இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்ட பலாட்டினேட் மன்னர் ஐந்தாம் ஃப்ரெடெரிக்கைச் சுற்றி எழுந்த நம்பிக்கையோடு யேட்ஸ் அவற்றை முடிச்சுப் போட்டார். பின்னணியில் ஜான் டீயின் கை என்றார். படிக்க அருமையாக இருக்கும், துப்பறியும் நாவல் தோற்றது. ஆனால் முதல் அறிக்கைக்கு ஆடம் ஹாஸ்ல்மயர் என்பவர் எழுதிய பதில் 1612லேயே அச்சாகிவிட்டது! அப்படியானால் அறிக்கை கையெழுத்துப்படியாக அதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தியே இருந்த ஒன்றுக்குக் கல்யாணம் எப்படிக் காரணமாகும்? பிரையன் விக்கர்ஸ் 1979இல் இந்தப் புத்தகத்தைக் கடுமையாக விமர்சித்தார். யேட்ஸிடம் ஒரு பழக்கம் உண்டு: ஒரு பக்கத்தில் 'இருந்திருக்கலாம்' என்று வருவது, இருபது பக்கம் தாண்டினால் 'இருந்தது' ஆகிவிடும். அடுத்த ஊகம் அதன் மேல் ஏறி உட்காரும். இதைக் கவனித்துப் படிக்காவிட்டால் நாமும் கூடவே போய்விடுவோம்.

போனவர்கள் நிறைய. அறுபதுகளில் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் அவருக்கு வாசகர்கள் சேர்ந்தார்கள். மறைஞானத்தில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்பர்க் அறிஞரே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவரோ யாருக்கும் மந்திரம் கற்றுக்கொடுக்க வரவில்லை. (புரூனோவைத் தங்கள் ஆளாக்கும் வேலை அதற்கு முன்பே நடந்ததுதான்: நம்ம அடையாறு அன்னி பெசன்ட் 1911இல் பாரீஸில் புரூனோவைத் தியோசபியின் தூதராக வைத்துப் பேசியிருக்கிறார்.)

இன்றைக்கு இந்தத் துறைக்கென்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் தனிப் பேராசிரியர் பதவியே இருக்கிறது. அதில் இருந்த வௌட்டர் ஹேனெகிராஃப், 'யேட்ஸ் பாணி' என்று ஒன்றைப் பெயரிட்டுக் காட்டி, அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று வாதிட்டவர். ஹெர்மெஸ் மரபு என்று தனியாக, அறிவியலுக்கும் திருச்சபைக்கும் எதிராக நின்ற ஒரே அணி கிடையாது என்பது அவர் தரப்பு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனாலும் தாண்டிப் போகவேண்டிய சுவரைக் கட்டியவர் யேட்ஸ்தான், இல்லீங்களா?

படிக்க ஆசை வந்தால் புரூனோ புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள். 1966இல் வந்த, நினைவுக் கலை பற்றிய புத்தகத்தை எடுங்கள். சிமோனிடஸ் என்ற கிரேக்கக் கவிஞரில் தொடங்கி, ஒரு கட்டடத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு அறை அறையாக விஷயங்களைச் சேமிக்கும் பழக்கம் எப்படி மாறி மாறி வந்தது என்று சொல்கிற இடங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், ராபர்ட் ஃப்ளட்டின் நினைவு அரங்குக்குள் ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கு ஒளிந்திருக்கிறது என்று ஆரம்பிப்பார். அங்கே மட்டும் கையில் பென்சிலோடு படியுங்கள்.